பினாங்கு ரேஸும் எங்கள் செட்டியாரின் பூசணிக்காயும்

பினாங்குக்கு நான் போனதே என் தம்பி சாத்தப்பனைக் கையோடு இழுத்துக்கொண்டு வரத்தான். ஊர் பார்க்கிற ஆசையெல்லாம் எனக்கு அப்போது இல்லை. இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. அங்கே மோட்டார் சாமான் கடையில் வேலைக்குப் போன பிள்ளை ரேஸ் கார் ஓட்டுகிறான் என்று, கப்பலில் வந்த யாரோ காரைக்குடிக்கு வந்து சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போன ரேஸில் ஒருத்தன் செத்துப் போனதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆத்தாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"மீனா, அவனைக் கூட்டியாந்து என் கண்ணு முன்னாடி நிறுத்து. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சாத்தப்பனுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தது. அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, காலமாகிவிட்டதால் வீட்டுக்கு மூத்தவள் நான்தான். கிளம்பிவிட்டேன்.

கூட வந்தவர் என் வீட்டுக்காரர். நான் அவரைச் செட்டியார் என்றுதான் சொல்வேன். நல்ல மனுஷர். ஆனால் சகுனம், திருஷ்டி என்று ஆரம்பித்தால் நம் காதில் ரத்தம் வரும். கப்பல் ஏறும்போது மடியில் எலுமிச்சம்பழம் முடிந்துகொண்டு வந்தவர் அவர். "எதுக்கு?" என்றேன். "கப்பலுக்கு" என்றார். இவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதுமா என்று கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

துறைமுகத்தில் சாத்தப்பன் நின்றான். இளைத்து, வெயிலில் கறுத்து, கை நகமெல்லாம் கிரீஸ் அப்பிக் கிடந்தது. எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. "செட்டி வீட்டுப் பிள்ளை கையாடா இது?" என்று அங்கேயே பிடித்துக்கொண்டேன். "வாங்க ஆச்சி, வண்டியில ஏறிக்கிட்டே திட்டுங்க" என்று சிரித்தான். எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம்.

வண்டி என்றால் அந்த ஊர் ரிக்‌ஷா. நம் ஊரில் ஓட்டுகிறவன் முன்னால் இருப்பான், நாம் பின்னால் இருப்போம். அங்கே தலைகீழ். நம்மை முன்னால் உட்கார வைத்து அவன் பின்னால் இருந்து மிதிக்கிறான். எதிரே வருகிற பஸ், லாரி எல்லாம் நேராக நம் முகத்துக்கு வருகிறது. செட்டியார் கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு திருப்பத்தில் சக்கரம் சாக்கடை ஓரத்தில் இறங்கிவிட, நாங்கள் இருவரும் ஒரு பழக்கடைக்காரன் மேல் போய் விழாத குறை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார் செட்டியார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிட்டங்கிக்குப் பின்னால் உறவினர் வீட்டில் தங்கினோம். கிட்டங்கி என்பது நம் செட்டிமார் கொடுக்கல் வாங்கல் செய்கிற நீளமான கட்டடம். அங்கே சமையல்காரர் தேவகோட்டைக்காரர். மறுநாள் காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்தபோது, கடல் தாண்டி வந்தது போலவே இல்லை. சாப்பிட்டு முடித்த கையோடு விஷயத்துக்கு வந்தேன்.

"எப்படா கிளம்புற?"

"ஞாயித்துக்கிழமை இந்த வருஷத்துக் கடைசி ரேஸ், ஆச்சி. அதை மட்டும் ஓட்டிக்கிறேன். முடிஞ்சதும் சாவியைக் குடுத்துட்டு ஒங்ககூட கப்பல் ஏறிர்றேன். ஆத்தா மேல சத்தியம்."

கத்திப் பார்த்தேன். அழுது பார்த்தேன். மசியவில்லை. அந்த வருஷம் நடந்த ரேஸ்களில் எல்லாம் சேர்த்து அவனும் அவன் சிநேகிதன் ஆ செங்கும் முன்னணியில் இருந்தார்கள். கடைசி ரேஸில் இரண்டு பேரில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வருஷத்துக் கோப்பை. இந்த நிலைமையில் விட்டுவிட்டு வா என்றால் எந்தப் பிள்ளை வருவான்? சரி, ஒரே ஒரு ரேஸ்தானே என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அந்த ஆ செங் அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சீனப் பையன். சாத்தப்பனோடு ஒரே பட்டறையில் வேலை. நான் ஆட்டுக்கறியில் உப்புக்கறி செய்து வைத்திருந்தேன். காரம் தாங்காமல் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்ட, "ஆச்சி, ஆச்சி" என்று தட்டை மறுபடி மறுபடி நீட்டினான். சாத்தப்பன் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறான். "ஞாயிற்றுக்கிழமை இவனை நான் தோற்கடிப்பேன், கோபப்படாதீர்கள்" என்று மலாயில் சொல்ல, சாத்தப்பன் தமிழில் சொன்னான். "நீ ஜெயிச்சுக்கப்பா, ராசா. இவனை எனக்கு முழுசாக் குடுத்துரு, போதும்" என்றேன்.

சாயங்காலம் அவனுடைய அம்மாவின் கடைக்கு எங்களை அழைத்துப் போனான். கடற்கரையோரம் ஒரு தள்ளுவண்டி. மீனைக் கரைத்துப் புளி ஊற்றி, தடித்த நூடுல்ஸ் போட்டு, மேலே புதினாக் கிள்ளிப் போட்ட சூப்பு கொடுத்தாள். முதல் வாய்க்கு எனக்குக் குமட்டியது. மூன்றாவது வாய்க்கு நம் மீன் குழம்பின் தங்கச்சி என்று பிடிபட்டது. கிண்ணத்தைக் காலி செய்தேன். அந்த அம்மாளுக்கும் எனக்கும் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. மகன் பக்கம் கையைக் காட்டி, ஸ்டியரிங் பிடிப்பது போல் செய்து, தலையில் அடித்துக்கொண்டாள். நானும் சாத்தப்பனைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

ரேஸ் என்றால் அதற்கென்று ஒரு மைதானம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஜனங்கள் காய்கறி வாங்கப் போகிற சாலையிலேதான் ஓட்டுகிறார்கள். நாம் தேரோட்டத்துக்குக் கயிறு கட்டி மறிக்கிற மாதிரி தெருக்களை மறித்து, விளக்குக் கம்பத்துக்கும் சுவருக்கும் முன்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிடுகிறார்கள். கார் வந்து மோதினால் அடி படாமல் இருக்கவாம். அந்த வைக்கோலைத் தொட்டுப் பார்த்தேன். மாடு தின்னும், அவ்வளவுதான்.

கடற்கரைச் சாலை ஊருக்குள் திரும்புகிற ஓரிடத்தைச் சாத்தப்பன் காட்டினான். மூன்று சாலை வந்து சேர்கிற முச்சந்தி. "இங்கதான் ஆச்சி, யாரு பிரேக்கைக் கடைசியா மிதிக்கிறாகளோ அவுக முந்துவாக. இங்குட்டு மட்டும் நிக்காதீக." அவன் சொன்னதை நான் மனதில் வாங்கிக்கொண்ட அதே நேரம், செட்டியார் அந்த முச்சந்தியை வேறு கண்ணால் பார்த்திருக்கிறார். அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஞாயிறு காலையில் செட்டியார் சந்தையிலிருந்து ஒரு பூசணிக்காயோடு வந்தார். நம் ஊர் கல்யாணப் பூசணியேதான். சீனர்கள் சூப்புக்குப் போடுவார்களாம். மேலே வட்டமாக அறுத்து, உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் கலக்கி, மூடி மேல் சூடத்தை வைத்துக்கொண்டு கார் நிற்கிற கொட்டகைக்கு வந்துவிட்டார். அத்தனை சீனனும் மலாய்க்காரனும் வெள்ளைக்காரனும் வேலையை விட்டுவிட்டு இவரையே பார்க்கிறார்கள்.

"அத்தான், சுத்திக்கங்க, வேணாங்கலை. ஆனா சூடத்தைக் கொளுத்திராதீக. சுத்திவரப் பெட்ரோல்" என்றான் சாத்தப்பன். "சுத்திட்டுக் கடல்ல போட்ருங்க. ரோட்டுல மட்டும் ஒடைக்காதீக."

"சரி மாப்பிள்ளை, சரி" என்றார் செட்டியார். காரையும் அவனையும் மூன்று தரம் சுற்றினார். பூசணிக்காயைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நிற்காதே என்று சொன்ன இடத்தில்தான் நாங்கள் போய் நின்றோம். காரணம், அங்கே ஐஸ் வண்டி வைத்திருந்த காதர் பாய். திருப்பத்தூர்க்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதும் "வாங்க ஆச்சி, நம்ம ஊர் ஆளுகளா? இங்குட்டு நெழல்ல வாங்க" என்று முக்காலியை எடுத்துப் போட்டார். ஐஸ்கட்டிகளை மரத்தூள் மூட்டைக்குள் புதைத்து வைத்திருந்தார். சர்பத் கலக்கிக் கொடுத்தார்.

முதலில் மோட்டார் சைக்கிள் ரேஸ். அது முடிந்ததும், கார் ரேஸ் தொடங்குகிற வரை கயிற்றைத் தூக்கிவிட்டார்கள். இந்தப் பக்கத்து ஜனம் அந்தப் பக்கம் போகலாம். "கடல்ல போட்டுட்டு வாரேன்" என்று செட்டியார் பையோடு கூட்டத்துக்குள் போனார். நான் சர்பத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

விசில் ஊதினார்கள். கூட்டம் கலைந்து கயிறு இறங்கியது. பார்த்தால், சாலைக்கு நட்ட நடுவில், அந்த முச்சந்தியில், எங்கள் செட்டியார் தனியாக நிற்கிறார். தலைக்கு மேல் பூசணிக்காயைத் தூக்குகிறார். நான் "ஐயோ!" என்று கத்துவதற்கும் அது தரையில் விழுந்து சிதறுவதற்கும் சரியாக இருந்தது. கார் திரும்புகிற வழி முழுக்கச் சதையும் விதையும் குங்குமத் தண்ணீருமாகத் தெறித்துக் கிடந்தது. ஒரு வேலை முடிந்த திருப்தியோடு செட்டியார் கயிற்றுக்குக் கீழே குனிந்து எங்கள் பக்கம் வந்தார்.

"என்ன காரியம் செஞ்சீக? கடல்ல போடச் சொன்னான்ல?"

"முச்சந்தியில ஒடைச்சாத்தான்டி பலிக்கும். கடல்ல போட்டா என்ன அர்த்தம்?"

"அவன் கார் இதுமேலதானே வரணும்!"

அவர் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதை நான் பார்த்தேன். நம் ஊரில் முச்சந்தியில் பூசணி உடைந்து கிடந்தால் மாட்டு வண்டிக்காரன் சுற்றிக்கொண்டு போவான். உடைக்கிறவருக்கும் அந்த நினைப்புதான். வழுக்கும் என்பது அவர் புத்தியிலேயே ஏறவில்லை.

"அல்லாவே!" என்றார் காதர் பாய். கொடி வைத்துக்கொண்டு நின்ற மலாய்க்காரரிடம் ஓடி மலாயில் படபடவென்று சொன்னார். அவர் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த போனை எடுத்துக் கத்தினார். அதற்குள் தூரத்தில் அத்தனை காரும் ஒன்றாக உறுமுகிற சத்தம் கேட்டது. கிளப்பிவிட்டார்கள்.

நான் யோசிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதர் பாயின் மரத்தூள் மூட்டையை ஒரு பக்கம் பிடித்தேன். அவர் மறுபக்கம் பிடித்தார். கயிற்றுக்குள் புகுந்து ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஓடிய செட்டியார் மண்டி போட்டுச் சதையை இரண்டு கையாலும் வாரி வேட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மரத்தூளைக் கொட்டினோம். பாதிதான் மூடியிருக்கும். மலாய்க்காரர் என் கையைப் பிடித்து இழுத்து வைக்கோலுக்குப் பின்னால் தள்ளினார். மஞ்சளும் சிவப்பும் பட்டை போட்ட கொடியை ஆட்டினார். "ரோடு வழுக்குதுன்னு அர்த்தம், ஆச்சி" என்றார் காதர் பாய், மூச்சு வாங்க.

முதலில் வந்தது சாத்தப்பன். அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஆ செங். கொடியை இரண்டு பேரும் பார்த்திருப்பார்கள். ஆனால் சாலையில் கிடந்த சிவப்பு என்னவென்று என் தம்பிக்கு மட்டும்தானே தெரியும்? அவன் கார் சட்டென்று வேகம் குறைந்து உள்பக்கமாக ஒதுங்கியது. ஆ செங், இவன் பயந்துவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். முந்துவதற்கு வெளிப்பக்கமாக வந்தான். மரத்தூள் படாத இடத்தில் சக்கரம் ஏறியது. கார் ஒரு சுற்று சுற்றி, வைக்கோல் கட்டுகளைச் சிதறடித்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் அடித்தது.

சாத்தப்பன் நிறுத்தினான். கோப்பை, ரேஸ் எல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று. ஓடி வந்து, நசுங்கிய தகரத்துக்குள் கையை விட்டு, "செங், செங்" என்று அலறினான். நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். கால் முறிந்திருந்தது. தலையில் அடி. கண் திறக்கவில்லை.

ரேஸ் நடத்துகிறவர்கள் வந்து விசாரித்தார்கள். "நான்தான்" என்று செட்டியார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காதர் பாய் விளக்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலையில் கூட்டத்தை விட்டது தங்கள் பிழைதான் என்று சொல்லிப் போய்விட்டார்கள். அவர்கள் அடித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த நாட்கள் ஆஸ்பத்திரியில் போயின. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆ செங் கிடந்தான். இந்தப் பக்கம் அவன் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதே பெஞ்சின் மறுமுனையில் எங்கள் செட்டியார். சாப்பிடச் சொன்னால் தலையை ஆட்டுவார். நான் கொண்டுபோன இட்லியை அந்த அம்மாளும் தொடவில்லை, இவரும் தொடவில்லை.

"நம்ம பிள்ளைக்கு வந்ததை எடுத்து அந்தப் பிள்ளை தலையில போட்டுட்டேனே மீனா. திருஷ்டி கழிச்சதை மிதிச்சா மிதிச்சவனுக்குப் போயிரும்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருஷ்டியாவது மண்ணாங்கட்டியாவது! பூசணிக்காய் வழுக்கும். அதுதான் வழுக்குச்சு."

"வழுக்குனாலும் நான்தான். திருஷ்டின்னாலும் நான்தான்" என்றார்.

கப்பல் கிளம்புகிற நாளும் வந்துவிட்டது. ஆ செங் அசையவில்லை. இன்றோ நாளையோ கண் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாத்தப்பன் தன் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் பெட்டிகளோடு டாக்சியில் ஏற்றினான். ஆத்தா மேல் செய்த சத்தியம். கப்பல் சாயங்காலம்தான். காலையில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் துறைமுகம் போகலாம் என்று கிளம்பினோம்.

அங்கே போனதும் செட்டியார் சாத்தப்பனைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, நான் செஞ்சதை அந்த அம்மாகிட்ட சொல்லு. சொல்லாம நான் கப்பல் ஏற மாட்டேன்."

"வேணாம் அத்தான். அவுக இப்ப இருக்கிற நெலமையில..."

"சொல்லுடா."

அவன் சொன்னான். மலாயும் சீனமும் கலந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கையால் சுற்றிக் காட்டினான், உடைத்துக் காட்டினான். அந்த அம்மாள் இமைக்காமல் கேட்டாள். ஒரு கேள்வி கேட்டாள். இவன் பதில் சொன்னான்.

"என்னடா கேக்குறாக?" என்றேன்.

"நெசமாவே எனக்கு வர இருந்ததுதான் அவுக மகனுக்கு வந்துச்சான்னு கேக்குறாக. அத்தான் அப்படித்தான் நம்புறாகன்னு சொன்னேன்."

அவள் எழுந்து செட்டியார் முன்னால் வந்து நின்றாள். அறைந்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அறையட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னவோ சொன்னாள். சாத்தப்பன் அதைத் தமிழில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுடா!" என்று அவன் தோளை உலுக்கினேன்.

"'அப்ப ஒங்களுக்கு அதை எடுக்கத் தெரியும். என் பிள்ளைகிட்ட இருந்தும் எடுத்துருங்க'ங்கிறாக."

திருஷ்டியும் மண்ணாங்கட்டியும் என்று பேசினவள்தானே நான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

செட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பையன் என்ன நட்சத்திரம்னு கேளு" என்றார். நட்சத்திரம் என்றால் அவளுக்கு என்ன தெரியும்? சீனர் கணக்கில் பிறந்தது பாம்பு வருஷம் என்று சொன்னாள். "போதும், சாமிக்குப் புரியும்" என்றார். சாத்தப்பனோடு சந்தைக்குப் போய் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தார். நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போய், பாம்பு வருஷம், ஆ செங் என்று முணுமுணுத்தபடி மூன்று தரம் சுற்றினார். சூடம் கொளுத்தவில்லை. "யாரு காலும் படாத எடத்துல போடணும்" என்று சொல்லி, கடற்கரையில் இடுப்பளவு தண்ணீர் வரை இறங்கிப் போய் அதைத் தள்ளிவிட்டு வந்தார். நனைந்த வேட்டியோடு வந்து நின்றவரைப் பார்த்து அந்த அம்மாள் தலை குனிந்து வணங்கினாள்.

டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான். சாத்தப்பன் வாசல் வரை எங்களோடு வந்தான். கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மாள் பஞ்சை நனைத்து மகன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, ஆத்தா மேல சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க வான்னு சொன்னா வந்துர்றேன்" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வா என்று சொல்லத்தான் நான் அத்தனை கடல் தாண்டிப் போயிருந்தேன்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இருடா" என்றேன்.

டாக்சியிலிருந்து அவன் பெட்டியை நானே இறக்கி வைத்தேன்.